மொதல்ல பேட்டரி, அப்புறம்தான் மிஷின்: கை வேலை கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒயர் இல்லாம பேட்டரில ஓடற கார்ட்லெஸ் மிஷின் பத்திதான், அதனால பெயிண்ட், ஒழுகல் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். ஒரே மாதிரி கேட்டவங்க கேள்விய ஒண்ணா சேத்துட்டேன், நாம எழுதுனது அப்படியே வரலயேன்னு யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, புது வீட்டுக்கு வந்திருக்கோம். ஷெல்ஃப் மாட்டணும், கர்ட்டன் ராடு போடணும், பிரிச்சு பெட்டியில வர்ற ஃபர்னிச்சர நாங்களே கோக்கணும். கடையில டிரில்ல 12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட்னு வரிசையா வச்சிருக்காங்க, 20தான் பவர் ஜாஸ்தின்னு சேல்ஸ்மேன் சொல்றாரு. எத எடுக்கறது?

பதில்: அந்த 18, 20 குழப்பத்த மொதல்ல முடிச்சுடலாம்மா. ரெண்டும் ஒண்ணுதான். உள்ள இருக்கறது அஞ்சு லித்தியம் அயான் செல், வரிசையா கோத்தது. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட்னு கணக்கு, அஞ்சுக்கு 18. முழுசா சார்ஜ் ஏறுனவுடனே அதே செல் 4.2 வரைக்கும் நிக்கும், அப்ப அஞ்சும் சேந்து 21 கிட்ட வரும். ஒருத்தர் 18னு எழுதுவாரு, இன்னொருத்தர் 20 மேக்ஸ்னு எழுதுவாரு, அவ்ளோதான். டிவால்ட் கம்பெனி அமெரிக்காவுல 20 மேக்ஸ்னு விக்கற வரிசைய ஐரோப்பாவுல 18னுதான் விக்குது. 12 வோல்ட்டும் அதே கதை, மூணு செல், கணக்குப்படி 10.8.

இப்ப நீங்க சொன்ன வேலைக்கு வருவோம். ஃபர்னிச்சர் கோக்க, மரத்துல ஓட்ட போட, ஸ்குரூ ஏத்த 12 வோல்ட்டே தாராளம், சின்னது, வெயிட் கம்மி, அலமாரி உள்ள கைய விட்டு வேல செய்ய அதுதான் வசதி, தலைக்கு மேல தூக்கி கர்ட்டன் ராடு மாட்டும்போது அந்த வெயிட் வித்தியாசம் தோள்ல தெரியும். ஆனா செவுரு கான்கிரீட்டா இருந்தா கதை வேற, அது கீழ வேற ஒரு கேள்வில வருது. பின்னாடி வட்ட ரம்பம், தோட்டத்துக்கு இலை ஊதுற மிஷின், வேக்குவம்னு ஆசை வரும்னு தோணுச்சுன்னா நேரா 18க்கே போயிடுங்க.

ஏன் இவ்ளோ யோசிக்க சொல்றேன்னா, நீங்க வாங்கறது டிரில் இல்ல, பேட்டரி. டிரில் அதுகூட வருது. ஒரு கம்பெனி பேட்டரி வாங்கிட்டீங்கன்னா அடுத்து வர்ற ஒவ்வொரு மிஷினும் அதே கம்பெனில பேட்டரி, சார்ஜர் இல்லாம வெறும் பாடி மட்டும் வாங்கலாம், ரொம்ப கம்மில முடியும். வேற கம்பெனிக்கு தாவுனா மறுபடி பேட்டரி, மறுபடி சார்ஜர், மேசை மேல மூணு கலர்ல மூணு சார்ஜர் உக்காந்திருக்கும். அதனால டிரில்ல கையில எடுத்து பாக்கறதுக்கு முன்னாடி அந்த பேட்டரில வேற என்னென்ன மிஷின் ஓடுதுன்னு கேளுங்க, உங்களுக்கு வேணும்னு தோணுற நாலு மிஷின் அந்த வரிசையில இருக்கான்னு பாருங்க. ரியோபி 1996ல ஆரம்பிச்ச ஒன் பிளஸ் வரிசையோட பேட்டரி அமைப்ப இன்னும் மாத்தல, இந்த மாதிரி தொடர்ச்சிதான் முக்கியம்.

இதுல ஒரு பொறி இருக்கு. ஒரே பேரு, ஒரே வோல்ட்னா மாட்டும்னு நெனச்சுக்காதீங்க. பாஷ்ல வீட்டு உபயோகத்துக்கு பச்சை கலர், தொழில்காரங்களுக்கு நீலம், ரெண்டுலயும் 18 வோல்ட் இருக்கு, ஆனா ஒண்ணோட பேட்டரி இன்னொண்ணுல ஏறாது. மகிட்டால எல்எக்ஸ்டி 18 வோல்ட், விலை கம்மியான ஜி சீரிஸ் 18 வோல்ட், ரெண்டும் சேராது. பிளாக் அண்ட் டெக்கரும் டிவால்ட்டும் ஒரே முதலாளியோட கம்பெனிதான், அங்கயும் பேட்டரி மாறாது. ஆஃபர்ல கெடச்சுதுன்னு ஜி சீரிஸ் எடுத்துட்டு அப்புறம் எல்எக்ஸ்டி மிஷின் பாடிய வாங்கிட்டு வந்து மாட்ட முடியாம முழிக்கறவங்க கடிதம் எனக்கு வந்துகிட்டேதான் இருக்கு.

கேள்வி: சார், ஆம்பியர் ஹவர்னா என்ன? 2 போதுமா, 5 வேணுமா?

பதில்: டேங்க் அளவு. வோல்ட்டையும் அதையும் பெருக்குங்க, வாட் ஹவர் வரும். 18 வோல்ட் 2 ஆம்பியர் ஹவர்னா 36, அதுவே 5ன்னா 90. உள்ள செல்லு அஞ்சு இருந்த எடத்துல பத்து இருக்கும், அவ்ளோதான், வெயிட்டும் அதுக்கேத்த மாதிரி ஏறும். டிரில்லுக்கு 2 போதும், கை வலிக்காது. ரம்பம், கிரைண்டர், ஊதுற மிஷினுக்கு 4 இல்ல 5 வேணும், ஓடற நேரத்துக்காக மட்டும் இல்ல, பத்து செல்லுன்னா லோடு ரெண்டா பிரியும், ஒவ்வொரு செல்லும் கம்மியா சூடாகும், மிஷினும் திணறாம இழுக்கும். எனக்கு கேட்டா ஒரு 5 வாங்கறத விட ரெண்டு 2 வாங்குங்கன்னு சொல்வேன், ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு சார்ஜ் ஏறும். ரம்பம் வரும்போது பெருசு ஒண்ணு சேத்துக்கலாம்.

கேள்வி: என்கிட்ட 18 வோல்ட் ஹேமர் டிரில் இருக்கு. செங்கல் செவுத்துல நல்லா போடுது, ஆனா கான்கிரீட் பீம்ல பத்து நிமிஷம் அழுத்துனாலும் விரலளவு கூட போகல, பிட்டு நுனி சிவந்து போச்சு. மிஷின் டூப்ளிகேட்டா?

பதில்: மிஷின் நல்லாத்தான் இருக்கும். ஹேமர் டிரில்னு பேரு இருக்கே ஒழிய உள்ள சுத்தியல் எதுவும் கிடையாது. பல்லு வெட்டுன ரெண்டு தட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி, பிட்ட (ஓட்ட போடற கம்பிய) பிடிச்சுக்கற சக்க முன்னும் பின்னும் கொஞ்சமே கொஞ்சம் ஆட்டும், அந்த அதிர்வுதான் அடி. நீங்க எவ்ளோ அழுத்தறீங்களோ அவ்ளோதான் அடியோட பலம். செங்கலுக்கும் சிமெண்ட் கல்லுக்கும் போதும். கான்கிரீட்ல ஜல்லி மேல நுனி பட்டுச்சுன்னா அங்கயே சுத்தி சுத்தி தேஞ்சு சூடாகி சிவந்துடும்.

உங்களுக்கு தேவை ரோட்டரி ஹேமர். அதுக்குள்ள ஒரு பிஸ்டன் காத்த அமுக்கி, அந்த காத்து ஒரு குண்ட தள்ளி, குண்டு பிட்டோட வால்ல அடிக்கும். நெஜ அடி. கையால அழுத்தவே வேணாம், பிடிச்சுக்கிட்டா போதும், அது பாட்டுக்கு எறங்கும். பிட்டு வேற மாதிரி இருக்கும், எஸ்டிஎஸ் பிளஸ்னு சொல்வாங்க, 10 மில்லிமீட்டர் வால்ல பள்ளம் வெட்டியிருக்கும், சக்குல சாவி போட்டு முறுக்க வேணாம், உள்ள தள்ளுனா டக்னு உக்காரும், பிட்டு கொஞ்சம் ஆடும், அது பழுது இல்ல, அடி வாங்கறதுக்காக அப்படித்தான் வச்சிருக்காங்க. சின்ன கார்ட்லெஸ்ல அடியோட பலம் 1ல இருந்து 2 ஜூல் வரைக்கும் போட்டிருப்பாங்க, 6, 8 மில்லிமீட்டர் ஓட்டைக்கு அது தாராளம்.

ஆனா வருஷத்துக்கு பத்து ஓட்டைக்காக அத வாங்கணுமான்னு யோசிங்க. வாடகைக்கு கெடச்சா எடுங்க, இல்ல ஒயர் வச்சத வாங்குங்க, அதே காசுக்கு ஒயர் மிஷின் ரெண்டு மடங்கு வேல செய்யும். அதுவரைக்கும் இருக்கற டிரில்லயே பீம் பக்கம் போகாம செங்கல் பக்கமா எடம் பாத்து மாட்டிக்க முடியுமான்னு பாருங்க. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் நேர் பக்கத்துலயும் மட்டும் வேணாம், ஒயர் அந்த கோட்டுலதான் ஓடியிருக்கும்.

கேள்வி: டிரில்லுக்கும் இம்பாக்ட் டிரைவருக்கும் என்ன வித்தியாசம்னே புரியல அண்ணே. காம்போ பேக்ல ரெண்டும் வருது. எனக்கு ஸ்குரூ தலை எல்லாம் வழுக்கி வழுக்கி தேஞ்சு போவுது, அதுக்கு இம்பாக்ட் வாங்குனா சரியாகுமா?

பதில்: ஸ்குரூ தலை தேயறதுக்கு பெரும்பாலும் மிஷின் காரணம் இல்ல தம்பி, பிட்டுதான். பிளஸ் மாதிரி தெரியற ஸ்குரூ எல்லாம் ஒரே பிளஸ் கிடையாது. பிஎச்2, பிஇசட்2ன்னு ரெண்டு ஜாதி. ஸ்குரூ தலைய கிட்ட பாருங்க, பெரிய பிளஸ்ஸுக்கு நடுவுல மெல்லிசா இன்னொரு பிளஸ் கோடு சாய்வா கீறியிருந்தா அது பிஇசட், அதுக்கு பிஎச் பிட்டு போட்டா சரியா பொருந்தி உக்காராது, வழுக்கும். பிரிச்சு வர்ற ஃபர்னிச்சர்ல பிஇசட் நெறைய வரும். அடுத்து, தேஞ்ச பிட்டு. மிஷினுக்கு அவ்ளோ கொட்டி கொடுத்துட்டு பிட்டு செட்டுல பேரம் பேசறது யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கற கதைதான், நல்ல பிட்டு ரெண்டு வாங்கி வச்சுக்கோங்க.

மூணாவது, டிரில்ல நம்பர் போட்ட ஒரு வளையம் இருக்குமே, நெறைய பேரு அத தொடறதே இல்ல. அதுதான் கிளட்ச். ஸ்குரூ குறிப்பிட்ட இறுக்கத்துக்கு வந்ததும் டக்டக்னு சத்தம் போட்டு சக்கு நின்னுடும். கம்மி நம்பர்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க, தலை மரத்தோட சமமா உக்கார்ற நம்பர் தெரிஞ்சதும் மத்த ஸ்குரூவும் அதே நம்பர்ல. டிரில் பிட்டு படம் போட்ட எடத்துல வச்சா கிளட்ச் வேல செய்யாது, அது ஓட்ட போட மட்டும். மேல 1, 2ன்னு ஒரு கியர் பட்டன் இருக்கும், ஸ்குரூவுக்கு 1, ஓட்டைக்கு 2, மோட்டார் நின்னப்புறம்தான் மாத்தணும், சுத்தும்போது தள்ளுனா கியர் பல்லு போயிடும்.

இம்பாக்ட் டிரைவர்ல இந்த கிளட்ச் கிடையாது. உள்ள ஒரு சுத்தியல் சுழற்சி திசையிலயே அடிச்சுகிட்டு போவும், நிமிஷத்துக்கு 3000 அடிக்கு மேல. சாதா 18 வோல்ட் டிரில் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்குதுன்னா இது 150க்கு மேல, ஆனா கை மணிக்கட்டு திரும்பாது, ஏன்னா அடி அடியா போவுது. நீள ஸ்குரூ, தடிமனான மரம், துரு ஏறுன போல்ட் இதுக்கெல்லாம் ராஜா. சின்ன கீல், பிளாஸ்டிக், பார்ட்டிக்கிள் போர்டு ஃபர்னிச்சருக்கு எமன், ஒரு நொடி கூட விட்டீங்கன்னா ஸ்குரூ போர்ட கிழிச்சுட்டு உள்ள போயிடும். 6.35 மில்லிமீட்டர் ஆறுபட்ட வால் இருக்கற பிட்டு மட்டும்தான் மாட்டும், உருண்ட வால் டிரில் பிட்டு மாட்டாது. சத்தமும் காதப் பொளக்கும், காதுக்கு அடைப்பு போட்டுக்கோங்க. உங்களுக்கு இப்போதைக்கு வேணாம், பிட்டையும் கிளட்சையும் சரி பண்ணுங்க. மரத்துல மொதல்ல சின்ன ஓட்ட ஒண்ணு போட்டுட்டு ஸ்குரூ ஏத்துனா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுடும்.

கேள்வி: பிரஷ்லெஸ்னு போட்டா விலை ஏத்தறாங்களே, அது தேவையா?

பதில்: காசு இருந்தா ஆமா. மோட்டாருக்குள்ள கரண்ட கொண்டு போற கார்பன் பிரஷ் உரசற எடமே இல்லாததால உராய்வுல போற கரண்ட் மிச்சம், அதே பேட்டரில கூட நேரம் ஓடும், சூடும் கம்மி, மோட்டாரும் சின்னது. மாசத்துக்கு ஒரு தடவ எடுக்கற டிரில்லுக்கு பிரஷ் மோட்டாரே போதும். ரம்பம், கிரைண்டர்னா பிரஷ்லெஸ் மட்டும் பாருங்க.

கேள்வி: ஆறு மாசத்துக்கு அப்புறம் டிரில்ல எடுத்தேன். செத்து கெடக்கு, சார்ஜர்ல போட்டா சிவப்பு லைட்டு மின்னுது, சார்ஜ் ஏறல. மொட்டை மாடியில தகர ஷெட்டுலதான் வச்சிருந்தேன், மிஷின்லயே மாட்டி இருந்துச்சு, கடைசியா யூஸ் பண்ணப்ப சார்ஜ் தீர்ற வரைக்கும் ஓட்டிட்டு அப்படியே வச்சேன். வேற பேட்டரில இருந்து ஒயர் குடுத்து உயிர் வர வைக்கலாம்னு வீடியோல காட்டறாங்க, செய்யலாமா?

பதில்: செய்யாதீங்க. இத மொதல்லயே சொல்லிடறேன், காரணம் அப்புறம்.

லித்தியம் செல்லு ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 2.5 வோல்ட்ங்கற எல்லைய தாண்டி ரொம்ப கீழ போச்சுன்னா உள்ள இருக்கற செம்பு தகடு கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிக்கும். கரைஞ்ச செம்பு, மறுபடி சார்ஜ் ஏத்தும்போது வேற எடத்துல போய் படியும், படிஞ்சு படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் அத பாத்துட்டுதான் ஏத்த மாட்டேன்னு சிவப்பு காட்டுது. அந்த காவல்காரன தாண்டி ஒயர் போட்டு கரண்ட உள்ள விடறீங்க. அன்னிக்கு ஏறும், ஓடும், வீடியோ எடுத்தவரும் சிரிச்சுகிட்டே முடிச்சுடுவாரு. என்னிக்கு எந்த ராத்திரி சூடாகும்னு யாரும் சொல்ல முடியாது. வாரண்ட்டி இருந்தா சர்வீஸ்ல குடுங்க, இல்லன்னா பேட்டரி போச்சுன்னு வச்சுக்கோங்க.

இப்ப அது ஏன் செத்துச்சுன்னு பாருங்க, நீங்க எழுதுன ரெண்டு வரிக்குள்ளயே எல்லாம் இருக்கு. காலியா வச்சீங்க. லித்தியம் தானா எறங்கறது மாசத்துக்கு ரொம்ப கொஞ்சம்தான், ஆனா பேட்டரிக்குள்ள இருக்கற சர்க்யூட்டும் விடாம துளி துளியா உறிஞ்சும், மிஷின்ல மாட்டியே வச்சா சில மிஷின் அது பங்குக்கு இழுக்கும். ஏற்கனவே தரையில இருந்தது பாதாளத்துக்கு போயிடுச்சு. ரெண்டாவது தகர ஷெட்டு. வெயில்ல அந்த தகரம் எவ்ளோ சூடாகும்னு கைய வச்சு பாத்திருப்பீங்க. சூடு லித்தியத்துக்கு மெது விஷம், அதுலயும் முழு சார்ஜோட சூட்டுல கெடந்தா கொள்ளளவு நிரந்தரமா கொறையும், திரும்ப வராது. கார் டிக்கியும் அதே கணக்குதான், அங்கயும் வேணாம்.

அப்ப எப்படி வைக்கணும்? ரொம்ப நாள் எடுக்க மாட்டோம்னு தெரிஞ்சா பாதி சார்ஜ்ல வைங்க, 40ல இருந்து 60 சதவீதம். பேட்டரில நாலு லைட்டு இருந்தா ரெண்டு எரியணும். மிஷின்ல இருந்து கழட்டி, வீட்டுக்குள்ள இருக்கறதுலயே குளுமையான, காஞ்ச எடத்துல, அடுப்படி பக்கமோ ஜன்னல் வெயில்லயோ இல்லாம வைங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ லைட்ட அமுக்கி பாருங்க, ஒண்ணுக்கு எறங்கியிருந்தா கொஞ்சம் ஏத்துங்க. குளுமைன்னு சொன்னேன்னு ஃப்ரிட்ஜுல வச்சுடாதீங்க, நெஜமாவே ஒருத்தர் எழுதியிருக்காரு, வெளிய எடுக்கும்போது வேர்த்து தண்ணி கோத்து கனெக்ஷன்லயும் சர்க்யூட்லயும் துரு ஏறும்.

மிஷின் வேணா ஷெட்டுலயே கெடக்கட்டும், அதுக்கு சூடு ஒண்ணும் பண்ணாது. பேட்டரியும் சார்ஜரும் மட்டும் வீட்டுக்குள்ள.

கேள்வி: பேட்டரிய முழுசா தீத்துட்டுதான் சார்ஜ் போடணும், இல்லன்னா பழகிப் போயிடும்னு எங்க அப்பா சொல்றாரு. சரியா?

பதில்: அப்பா சொன்னது அவர் காலத்து பேட்டரிக்கு சரி. பிளாக் அண்ட் டெக்கர் 1961ல கொண்டு வந்த மொத கார்ட்லெஸ் டிரில்ல இருந்து ரொம்ப வருஷம் நிக்கல் காட்மியம்தான் ஓடுச்சு, அதுல பாதியில பாதியில சார்ஜ் போட்டா அந்த பாதியவே அது ஞாபகம் வச்சுக்கும்னு ஒரு தொல்லை இருந்துச்சு. லித்தியம் அயான் 1991ல சோனி மூலமா சந்தைக்கு வந்துச்சு, டிரில்லுக்குள்ள வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. காட்மியம் விஷங்கறதால ஐரோப்பிய யூனியன்ல 2016 கடைசியோட கார்ட்லெஸ் மிஷின் பேட்டரில காட்மியத்துக்கு தடையே போட்டுட்டாங்க. லித்தியத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது, எப்ப வேணா எவ்ளோ வேணா ஏத்தலாம், தீத்து தீத்து ஏத்துனாத்தான் ஆயுசு கொறையும். மிஷின் மந்தமா இழுக்க ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்கன்னு அப்பாகிட்ட பக்குவமா சொல்லுங்க.

கேள்வி: ஆன்லைன்ல அதே மாடல் பேட்டரி பாதி விலைக்கு கெடைக்குது, 9 ஆம்பியர் ஹவர்னு வேற போட்டிருக்கு. அப்புறம் ஒரு அடாப்டர் வாங்குனா எந்த கம்பெனி பேட்டரியையும் எந்த மிஷின்லயும் போடலாமாம். ட்ரை பண்ணலாமா?

பதில்: தூக்கி பாருங்க. 18 வோல்ட்ல உண்மையான 9 ஆம்பியர் ஹவர்னா பொதுவா பத்துல இருந்து பதினஞ்சு செல்லு உள்ள இருக்கணும், கை நல்லா எறங்கணும். பாதி விலை பேட்டரி பல நேரம் 4 ஆம்பியர் பேட்டரி சைஸ்ல, அத விட லேசா இருக்கும், ஸ்டிக்கர்ல எது வேணா அடிக்கலாம். வெறும் ஆம்பியர் பொய்னா கூட விட்டுடலாம். உள்ள ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா கண்காணிக்கற சர்க்யூட் இல்லாம வர்றதுதான் ஆபத்து, அஞ்சுல ஒண்ணு மட்டும் தளர்ந்து போயிருந்தா அது தெரியாம மத்ததோட சேத்து ஏத்திகிட்டே இருக்கும்.

அடாப்டர் விஷயமும் கிட்டத்தட்ட இதான். பேட்டரி ரொம்ப கீழ போறதுக்கு முன்னாடி நிறுத்தற வேலைய சில கம்பெனி பேட்டரிக்குள்ள வச்சிருக்கும், சில கம்பெனி மிஷினுக்குள்ள வச்சிருக்கும். நடுவுல அடாப்டர போட்டா ரெண்டு பக்கமும் அந்த காவல் இல்லாத ஜோடி அமைஞ்சுடலாம், மேல சொன்ன 2.5 வோல்ட் கதைதான் நடக்கும். முறையா பொதுவா ஓடற பேட்டரி வேணும்னா அதுக்கே கூட்டணி இருக்கு, மெட்டாபோ கம்பெனி முன்னின்னு 2018ல ஆரம்பிச்ச சிஏஎஸ், பாஷோட ஆம்ப்ஷேர் எல்லாம் அப்படித்தான், பல கம்பெனி ஒரே பேட்டரிய ஒத்துக்கிட்டது. அந்த லிஸ்ட்ல இருக்கற மிஷின்ல மட்டும் தைரியமா மாத்தி போடலாம்.

செகண்ட் ஹேண்ட் பத்தியும் இதே வாசகர் கேட்டிருந்தாரு. வெறும் பாடி பழசா வாங்குங்க, சக்க கையால ஆட்டி பாத்து, ஓட்டி சத்தம் கேட்டு. பேட்டரி மட்டும் புதுசு.

கேள்வி: எங்க வீட்ல சின்ன பசங்க ரெண்டு பேர் இருக்காங்க, சார்ஜ் போட்டுட்டு வேலைக்கு போயிடறேன். தீ பிடிக்கும்னு ஒரு வீடியோ பாத்ததுல இருந்து பயமா இருக்கு.

பதில்: பயப்படற அளவுக்கு இல்லக்கா, ஆனா ஆளில்லாத வீட்ல, தூங்கற நேரத்துல சார்ஜ் போடற பழக்கத்த விட்டுடுங்க. சின்ன பேட்டரி ஒரு மணி நேரத்துக்குள்ளயோ கொஞ்சம் கூடவோ ஏறிடும், நீங்க வீட்ல இருக்கும்போது போட்டு, ஏறுனதும் கழட்டிடுங்க. மெத்தை, சோபா, மரத்தூள் மேல வேணாம், டைல்ஸ் தரையோ கல்லு மேடையோ நல்லது, வாசல் வழிய அடைச்சுகிட்டு மட்டும் வைக்காதீங்க, ஏதாவது ஆனா ஓடணும்ல. வேல முடிச்ச சூட்டோட சார்ஜர்ல போடாதீங்க, ஆற விடுங்க. பெரும்பாலான மேனுவல்ல 40 டிகிரிக்கு மேல சார்ஜ் கூடாதுன்னு இருக்கும், நல்ல சார்ஜர்னா அதுவே காத்திருந்து ஆறுனப்புறம்தான் ஏத்தும். குளிர் பிரதேசத்துல இருந்து எழுதறவங்களுக்கு, 0 டிகிரிக்கு கீழயும் கூடாது, லித்தியம் உள்ள போகாம மேலயே உலோகமா படிஞ்சுடும்.

உப்புன பேட்டரி, உசரத்துல இருந்து விழுந்து ஓடு விரிஞ்சது, தண்ணில நனஞ்சது, இது மூணையும் அப்புறம் சார்ஜ் போடவே கூடாது. புகை வர ஆரம்பிச்சா அணைக்க நிக்காதீங்க, பசங்கள தூக்கிட்டு வெளிய வந்து தீயணைப்புக்கு போன் பண்ணுங்க, அணைஞ்ச மாதிரி இருந்து மறுபடி பத்திக்கும் அது.

பசங்களுக்காக இன்னொண்ணு. மிஷின கீழ வைக்கும்போதெல்லாம் பேட்டரிய கழட்டுங்க. ரெண்டு நிமிஷத்துக்கு வைக்கறீங்கன்னா முன்ன பின்ன மாத்தற பட்டன நடுவுல தள்ளிடுங்க, டிரிகர் லாக் ஆயிடும். பிட்டு மாத்தும்போதும் அதே.

கேள்வி: மிஷின் கூட வந்த பிளாஸ்டிக் பெட்டியிலயே வைக்கறதா, செவுத்துல மாட்டறதா?

பதில்: பெட்டி பாக்க அழகு, எடத்த அடைக்கும், ஒரு மிஷினுக்கு ஒரு பெட்டின்னா அஞ்சு மிஷின் வரும்போது அலமாரியே நெறஞ்சுடும். வெளிய எடுத்துட்டு போறவங்களுக்கு பெட்டி, வீட்லயே வேல செய்யறவங்களுக்கு செவுரு, என் கட்சி செவுரு. பிளைவுட் பலகையில டிரில் கைப்பிடி கீழ தொங்கற மாதிரி பள்ளம் வெட்டி மாட்டிட்டீங்கன்னா பாத்தவுடனே தெரியும், எடுக்கவும் ஒரு கை போதும், பசங்க கைக்கு எட்டாத உசரத்துல. சார்ஜர அதே பலகையில திருகி மாட்டலாம், பின்னாடி ஆணி ஓட்டை இருக்கும், ஆனா காத்து போற சந்த மூடாதீங்க.

மழக்காலம் நீண்டு ஈரம் ஏறுற ஊர்னா மூடுன பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் தேவைப்படும், அப்ப சக்கு தாடையில மட்டும் துணியில தொட்ட எண்ணெய தடவி வைங்க, சொட்டுற அளவுக்கு இல்ல, மிஷின் உள்ளயும் விடாதீங்க. பிட்ட சக்குலயே விட்டு வைக்காதீங்க, துரு பிடிச்சு ஒட்டிக்கும். வேல முடிஞ்சதும் காத்து ஓட்டைல இருக்கற தூச பிரஷ்ல தட்டி விடுங்க, சிமெண்ட் தூசு உள்ள போய் பேரிங்க தின்னுடும். முக்கியமா பேட்டரிய ஆணி, ஸ்குரூ கெடக்கற டப்பால போடாதீங்க, ஒரு ஸ்குரூ ரெண்டு முனைய தொட்டா போதும், ஷார்ட் ஆயிடும். கூட வந்த மஞ்சளோ கறுப்போ மூடி எங்கயாவது கெடக்கும், தேடி போடுங்க.

கேள்வி: கிரைண்டரும் கார்ட்லெஸ்லயே வாங்கிடவா? ஒயர் தொல்லையே வேணாம்னு பாக்கறேன்.

பதில்: கணக்கு போடுங்க. 5 ஆம்பியர் பேட்டரில 90 வாட் ஹவர். 700 வாட் இழுக்கற வேலைக்கு முழு லோடுல எட்டு நிமிஷம் கூட வராது. ரெண்டு கம்பி வெட்ட, ஒரு டைல்ஸ் ஓரத்த தேய்க்க சரி. கேட்டுல இருக்கற பழைய பெயிண்ட் முழுக்க உரிக்கணும்னா ஒயர் கிரைண்டர்தான், தொல்லைன்னா தொல்லைதான். எதுவா இருந்தாலும் சக்கரத்த மூடற காவல் தகட்ட கழட்டாம, கண்ணுக்கு கண்ணாடி போட்டு.

கேள்வி: ஃபிளைட்ல எடுத்துட்டு போலாமா?

பதில்: மிஷின் செக்இன் பெட்டியில, தனி பேட்டரி கைப்பையில, முனைய டேப் ஒட்டி மூடி. 100 வாட் ஹவர் வரைக்கும் பொதுவா கேள்வி இல்ல, 100ல இருந்து 160க்குள்ளன்னா ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டி அனுமதி வாங்கணும், அதுக்கு மேல பயணி கையில போகாது. பேட்டரி மேலயே அந்த நம்பர் அச்சடிச்சிருக்கும், அதத்தான் பாப்பாங்க. சில ஏர்லைன்ஸ் இன்னும் கறாரா இருக்கும், டிக்கெட் போடும்போதே கேட்டுடுங்க.

கேள்வி: செத்துப்போன பேட்டரிய என்ன பண்றது? மூணு சேந்துடுச்சு.

பதில்: குப்பைல மட்டும் போடாதீங்க, லாரில நசுங்கும்போதுதான் பத்திக்கும். முனைய டேப்பால ஒட்டி, ஒவ்வொண்ணையும் தனித்தனி கவர்ல போட்டு, ஈ வேஸ்ட் எடுக்கற எடத்துலயோ, பழசு வாங்கிக்கற டூல்ஸ் கடை, சர்வீஸ் சென்டர்லயோ குடுத்துடுங்க. உப்பியிருக்கறத மட்டும் அதுவரைக்கும் வீட்டுக்குள்ள வைக்காம, வெளிய நிழல்ல, ஒரு தகர டப்பால மணல் போட்டு வைங்க, டேப் ஒட்ட மறந்துடாதீங்க.